கீழ்ப்பற்களுக்கு மட்டும் அலைனர்: இடம் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழ்வரிசைப் பற்களை மட்டும் கிளியர் அலைனர் (பற்களின்மேல் மாட்டிக் கழற்றக்கூடிய, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்தும் தெளிந்த பிளாஸ்டிக் உறை) அணிந்து நேராக்கிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேல்வரிசை ஒழுங்காக இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டியதில்லை, செலவும் காலமும் பாதியாகிவிடும் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு, நடுவழியில் இடறி, பிறகு சரிசெய்துகொண்டவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எனக்குக் கீழ்வரிசையின் முன்பற்கள் இளவயதில் நேராகத்தான் இருந்தன. நாற்பதைக் கடந்த பிறகு நடுப்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெற்றுப்பல்லாயின. ஞானப்பல் தள்ளியதால் வந்த வினை என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பளித்தார்கள். ஆனால் ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது சாதாரணம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மேல்வரிசையில் குறையேதும் இல்லாததால், கீழ்வரிசைக்கு மட்டும் பதினெட்டு அலைனர்கள் போதும் என்று முதலில் பார்த்த மருத்துவர் கூறினார். நானும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினேன்.

நெருக்கியடித்து நிற்கும் பற்களை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமானால் கூடுதல் இடம் வேண்டும். அந்த இடம் மூன்று வழிகளில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது: பல்வரிசையைப் பக்கவாட்டில் சற்று விரிப்பது, முன்பற்களை வெளிப்புறமாகச் சாய்ப்பது, அல்லது பற்களின் பக்கங்களில் எனாமலை மெல்லியதாக இழைத்தெடுப்பது. கீழ் முன்பற்களை வெளியே தள்ளும்போது அவற்றுக்கு நேர் எதிரில் நிற்பது மேல் முன்பற்களின் உட்புறம். இரண்டுக்கும் இடையே வழக்கமாக இருக்க வேண்டிய முன்பின் இடைவெளியே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான்; அதுவும் இல்லாதவர்களுக்கும், மேற்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடி இறங்கியிருப்பவர்களுக்கும் தள்ளுவதற்கு இடமே கிடையாது. போதாததற்கு, கீழ் முன்பற்களின் வெளிப்புறத்தில் எலும்பு மிக மெல்லியது; அளவு மீறித் தள்ளினால் ஈறு கீழிறங்கி வேர் தெரியத் தொடங்கும்.

என் விஷயத்தில் நடந்தது, தள்ள இடமில்லாமல் கீழ்ப்பற்கள் மேற்பற்களில் இடிக்கும் வகை. பதினோராவது அலைனருக்கு வந்தபோது, அதைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் முன்பற்கள்தான் முதலில் இடித்துக்கொண்டன. கடைவாய்ப்பற்கள் சரியாகச் சேரவில்லை. மேற்பல்லின்மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு வாயை மூடினால் அந்தப் பல் மெல்ல அதிர்வதை விரலிலேயே உணர முடிந்தது. பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் செய்த முதல் காரியம், கார்பன் தாள் போன்ற ஒரு மெல்லிய நீலத்தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னதுதான். பிறகு கண்ணாடியில் காட்டினார்: மேல் நடுப்பற்கள் இரண்டின் பின்புறத்திலும் அழுத்தமான நீலப் பொட்டுகள், கடைவாயில் ஒரு கறைகூட இல்லை.

சிகிச்சையை நிறுத்திவைத்து மீண்டும் ஸ்கேன் எடுத்து, இழைத்தெடுக்கத் திட்டமிட்டார். இரண்டு பற்கள் தொடும் ஓர் இடத்தில் பொதுவாக அரை மில்லிமீட்டர் வரை எடுக்கலாம் என்பதால், ஒரு கோரைப்பல் தொடங்கி மறுகோரைப்பல் வரையுள்ள ஆறு பற்களின் ஐந்து இடுக்குகளிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். உப்புத்தாள் போன்ற நாடாவை இடுக்கில் விட்டு இழுக்கையில் வலி இல்லை. சத்தம் மட்டும் மண்டைக்குள்ளேயே கேட்கும். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட முடியாது. 1958-இல் வெய்ன் போல்டன் என்ற பல் சீரமைப்பு வல்லுநர் வெளியிட்ட கணக்கின்படி, கீழ் முன்பற்கள் ஆறின் மொத்த அகலம் மேல் முன்பற்கள் ஆறின் அகலத்தில் சராசரியாக 77.2 சதவீதம் இருந்தால் இரு வரிசைகளும் நன்றாகப் பொருந்தும். கீழ்ப்பற்கள் அந்த விகிதத்தைவிட அகலமாக இருந்தால் இழைப்பது நன்மை. ஏற்கெனவே குறுகியிருந்தால் இழைக்க இழைக்கப் பொருத்தம் கெடும். ஆக, கீழ்வரிசையை மட்டும் திருத்துவதற்கே மேல்வரிசையை அளந்தாக வேண்டும். செலவு பாதியாகும் என்பதில் எனக்கு ஐயம் எழுவதும் இதனால்தான்: ஸ்கேனும் எக்ஸ்ரேயும் திட்டமிடலும் இரு வரிசைக்கும் உரியவை. காலமோ, நகர மறுக்கும் பிடிவாதமான பல் எதுவோ அதைப் பொறுத்தது. ஓர் அலைனர் ஒரு பல்லை நகர்த்துவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் நாளொன்றுக்கு இருபது முதல் இருபத்திரண்டு மணி நேரம் அணிந்தால்.

நான் அலைனரைக் குறை கூறவில்லை. நெருக்கம் குறைவாகவும், கடைவாய்ப் பொருத்தம் உறுதியாகவும், முன்பற்களிடையே போதிய இடைவெளியும் உள்ளவர்களுக்குக் கீழ்வரிசைச் சிகிச்சை மட்டுமே முற்றிலும் தகுந்ததாக இருக்கலாம். பின்னர் வந்த ஏழு அலைனர்களில் எனக்கும் பற்கள் நேராயின; இன்று கடைவாய் சேர்ந்து கடிக்கிறது.

நேராக்கிய பற்கள் மீண்டும் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. நேராக்கிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்ப்பதில் கீழ் முன்பற்களை மிஞ்ச வேறு பற்கள் இல்லை. என் பற்களின் உட்புறத்தில் கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை மெல்லிய கம்பி ஒட்டப்பட்டிருக்கிறது. நாவுக்கடியில் உமிழ்நீர் சுரக்கும் இடம் அது என்பதால் காரை வேகமாகப் படிகிறது. கம்பியின் கீழே சிறு தூரிகை விட்டுத் துலக்குவது அன்றாட வேலையாகிவிட்டது. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். பற்கள் இருக்கும் வரை என்றார் நிபுணர். பணம் கட்டுவதற்கு முன்பே இதை வாசகர்கள் அறிந்துகொள்ளும் வகையில், பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரைக் கொண்டு ஒரு தொடர்ச்சிக் கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்