மூன்று சுற்றும் பன்னிரண்டு சுற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒலிம்பிக்கில் பெயரெடுத்துவிட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் சோபிக்காமல் போனவர்களைப் பற்றி, கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பிலேயே 'ஏமாற்றியவர்கள்' என்று போட்டிருந்தீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கி வருகிறவன் நான். அந்தச் சொல் எனக்கு வலித்தது. அவர்கள் யாரை ஏமாற்றினார்கள்?

அமெரிக்காவின் ஹவர்ட் டேவிஸை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய அம்மா இறந்துபோனார். அப்போது அவருக்கு 20 வயது. அந்தத் துக்கத்தோடு ரிங்கில் ஏறித் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வெல் பார்க்கர் கிண்ணமும் அவருக்கே கிடைத்தது. பின்னாளில் உலகச் சம்பியன்களான சுகர் ரே லெனார்டும் ஸ்பிங்ஸ் சகோதரர்கள் இருவரும் அதே அமெரிக்க அணியில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1980 ஜூனில் உலகப் பட்டத்துக்காக, எதிராளி ஜிம் வொட்டின் சொந்த ஊரான கிளாஸ்கோவுக்கே போனார். திறந்த மைதானத்தில் 15 சுற்றும் நின்று ஆடிப் புள்ளிகளில் தோற்றார். நான்கு வருடம் கழித்து புவேர்ட்டோ ரிக்கோவில் எட்வின் ரொசாரியோவோடு மறுபடி ஒரு வாய்ப்பு. கடைசிச் சுற்று முடியச் சில நொடிகளே இருந்தபோது அடி வாங்கி விழுந்தார். நடுவர்களின் தீர்ப்பு பிளவுபட்டு, பட்டம் ரொசாரியோவிடமே நின்றது. மொத்தம் 43 சண்டைகளில் 36 வெற்றி. உலகப் பட்டம் மட்டும் கடைசி வரை கைக்கு வரவில்லை. 2015 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார். இந்த மனிதரையா ஏமாற்றியவர் என்று எழுதுவது?

மார்க் பிரிலண்டும் உங்கள் பட்டியலில் இருக்கிறார். 1984 லொஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வாங்கியவர். அமெச்சூர் காலத்தில், அதாவது தொழில்முறைக்குப் போகும் முன், 110 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. தொழில்முறைக்குப் போய் இரண்டு முறை உலகச் சம்பியனாகவும் இருந்தார். அதுவும் போதவில்லை என்றால் வேறு என்னதான் போதும் என்று எனக்குப் புரியவில்லை.

அமெச்சூரும் தொழில்முறையும் ஒரே விளையாட்டு என்று நினைப்பதுதான் பிழை என்பேன். அமெச்சூரில் மூன்று சுற்று. உலகப் பட்டச் சண்டை என்றால் முன்பு பதினைந்து, இப்போது பன்னிரண்டு. 1988 சியோல் இறுதிச் சண்டையில் தெளிவாக மேலோங்கி ஆடிய ரோய் ஜோன்ஸைத் தோற்றவர் என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்ன அநியாயத்துக்குப் பிறகு, 1992 பார்சிலோனாவிலிருந்து 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி முறை இருந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி என்று ஆரம்பித்தார்கள். முகத்தில் லேசாகத் தட்டினாலும் ஒரு புள்ளி, ஆளையே உலுக்கும் அடிக்கும் அதே ஒரு புள்ளி. விலாவில் விழும் குத்து பல நேரம் கணக்கிலேயே வராது. இப்படிப் பத்து வருடம் பழகிய உடம்பு, தொட்டுவிட்டு விலகத்தான் பார்க்கும். தொழில்முறையில் எதிராளி அதற்காகவே காத்திருப்பான். ஐந்தாறு சுற்று வரை விலாவில் குத்திக்கொண்டே வருவான். கால் தளர்ந்த பிறகு விலகி ஓட எங்கே இடம்?

இதை நான் சொந்தத் தவறிலிருந்து படித்தேன். என்னிடம் பழகிய பையன் ஒருவன். அரிசிச் சாக்கில் மரத்தூளை அடைத்து லயத்து வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தொங்கவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு ஆள் போகும் முன்பே குத்த ஆரம்பித்துவிடுவான். பாடசாலைப் போட்டிகளில் அவனைத் தொட ஆளில்லை. பாடசாலையை விட்ட பிறகு கொழும்பில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே வயதில் மூத்த ஒருவர், இவனுடைய இடது கைக் குத்துகள் இரண்டை முகத்தில் வாங்கிக்கொண்டு, நேரே நெஞ்சோடு நெஞ்சாக வந்து நின்றார். பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரே ஒரு குத்து. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பையன் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்துப்போய்விட்டது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. வாங்கில் கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு சொன்னான்: "சேர், தள்ளி நிக்கத்தான் சொல்லிக்குடுத்தீங்க. கிட்ட வந்துட்டா என்னா செய்யிறதுனு சொல்லித்தரலயே."

அவன் சொன்னது முழுக்க உண்மை. மூன்று சுற்றில் ஜெயிக்க என்ன வேண்டுமோ அதை மட்டும்தான் நான் பழக்கியிருந்தேன்.

உங்கள் பட்டியலில் உள்ள இங்கிலாந்து வீரர் ஓட்லி ஹரிசன் விஷயத்துக்கு வருகிறேன். 2000 சிட்னியில் தங்கம் வாங்கும்போது அவருக்கு 28 வயது. அடுத்த வருடம் தொழில்முறைக்கு வந்தபோது முதல் பத்துச் சண்டைகளுக்கு பிபிசி பத்து லட்சம் பவுண் கொடுத்தது. முதல் எதிராளி ஃபுளோரிடாவில் துப்பறியும் வேலையும் பார்த்துவந்த ஒருவர். இப்படிப்பட்ட ஆட்களோடு ஆடித் தொழில் படிக்க முடியாது. கற்றுக்கொள்ள வேண்டிய வருடங்கள் தொலைக்காட்சிக்கே போய்விட்டன. 2010இல் அப்போதைய உலகச் சம்பியன் டேவிட் ஹேயோடு மோதும்போது அவருக்கு 39. மூன்றாவது சுற்றில் முடிந்த அந்தச் சண்டையில் அவர் எதிராளி மீது இறக்கிய குத்து ஒன்றுதான் என்று கணக்கெடுத்தார்கள். அந்த இரவை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அதற்குள் பத்து வருடத்துக் கதை இருக்கிறது. அதையும் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர் இந்தியாவின் விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கியவர், தொழில்முறைக்குப் போனது 2015இல், 29 வயதில்தான். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி பெற்றும், உலகப் பட்டச் சண்டைக்கு நேரம் போதவில்லை.

இன்னொரு விஷயம் கட்டுரையில் இல்லவே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் தடவையாகத் தொழில்முறை வீரர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். போனவர்கள் மூன்று பேர். அதில் ஹசன் நிடாம், தாய்லாந்தின் அம்னாத் இருவரும் முன்னாள் உலகச் சம்பியன்கள். நிடாம் முதல் சண்டையிலேயே தோற்றார். மூவரில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை. அவர்களை ஒலிம்பிக்கை ஏமாற்றியவர்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என்று மூன்று தங்கம் வாங்கி, பெரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லி அமெச்சூராகவே நின்றார். அவர் பெயருக்கு இன்றும் ஒரு கீறல் இல்லை. துணிந்து போனவனுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

ஆசிரியர் அவர்களே, உங்கள் விளையாட்டுப் பக்கத்தை வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டிவைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் பனி விலகும் முன்பே ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டி, "தங்கம் எடுத்தவங்களையே இப்பிடிச் சொன்னா, எங்களை என்னானு சொல்லுவாங்க சேர்?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. அன்று பயிற்சி முடிந்ததும் அவர்களை உட்கார வைத்து ஹவர்ட் டேவிஸின் கதையைச் சொன்னேன்.

உங்களிடம் அவருடைய 1976ஆம் ஆண்டுப் படம் ஏதாவது இருந்தால் அடுத்த ஞாயிறு போடுங்கள். பெரிதாகவே போடுங்கள். பயிற்சி அறைச் சுவரில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தலவாக்கலை.