பாபு உன் வீட்டுக்கு வரலாமா?

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் இருப்பதுதான். பெரியவளுக்கு மாயவரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ரேவதிக்கு ஆண் குழந்தை பிறந்ததைச் சுமதி சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ சொல்லி நான் கேட்டிருக்க வேண்டிய செய்தியடி அது. தப்பு உன்மேல் இல்லை. அவள் நிச்சயதார்த்தத்தில் என் தம்பி பாபு குடித்துவிட்டு அப்படிச் செய்த பிறகு எந்த முகத்தோடு உன்னிடம் பேசுவது என்று நான்தான் இரண்டரை வருஷம் ஒதுங்கி இருந்துவிட்டேன். போனை எடுப்பேன், உன் பெயர் வரைக்கும் போவேன், வைத்துவிடுவேன். இப்போதும் போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உன் கோழி கிண்டின எழுத்தில் நாலு வரி பதில் வந்தால் போதும். சரோஜா டீச்சர் மாதிரி சிவப்பு மையில் சுழிக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். வருகிற 14ஆம் தேதியோடு பாபு குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"இதை எத்தனை தடவை கேட்டாச்சு" என்பாய். மாரியம்மன் கோயில் சத்தியம், அம்மா தலையில் அடித்த சத்தியம், கலாவின் தாலியைத் தொட்டுச் செய்த சத்தியம், எல்லாவற்றையும் பார்த்தவள் நீ. இந்தத் தடவை அவன் சத்தியமே செய்யவில்லை. "இன்றைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்று காலையில் சொல்லிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்புகிறான். மறுநாளும் அதையேதான் சொல்கிறான்.

நடுவில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. நிச்சயதார்த்தம் முடிந்த மாசமே அவனை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் விட்டோம். ராத்திரி நாலு பேர் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாசம் உள்ளே வைத்திருந்தார்கள். டாக்டர் என்று ஒருத்தர் வந்து பார்த்ததே இல்லையாம். அடித்திருக்கிறார்கள். வெளியே வந்த அன்று சாயங்காலமே குடித்தான். பணமும் கட்டி என் தம்பியை அடிக்கவும் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அப்புறம் கயிறு. அம்மா யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டினார். அதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. வீடே பூரித்துப் போயிற்று. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்கு நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக் கடைசல் வேலைதானே. காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று உளி பிடிக்க முடியும் என்கிற நிலைக்கு வந்து பல மாசம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கலா கொடுத்த காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது. செவ்வாய் முழுக்கத் தூக்கமே இல்லை, வேர்த்துக் கொட்டியது. புதன் விடியற்காலையில் பாயில் உட்கார்ந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "எறும்புக்கா, குழந்தை பக்கம் போகுது" என்றான். பாயில் ஒன்றுமே இல்லை மல்லி. செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டு விளக்கை எடை போடச் சொன்னான். அம்மா விபூதியை எடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

நல்லவேளையாக எதிர்வீட்டு நர்ஸம்மா சத்தம் கேட்டு வந்தார். "இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குடியை ஒரேயடியாக நிறுத்தினதால் வருவது. விட்டால் உயிர் போயிடும்" என்று அவரே 108ஐக் கூப்பிட்டார். ஐந்து நாள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். தினம் குடிக்கிறவனுடைய மூளையைச் சாராயம் அமுக்கிக்கொண்டே இருக்கும், மூளையும் அதற்கு ஈடுகட்டித் தன்னை முறுக்கேற்றிக்கொண்டே போகும். அமுக்கினது திடீரென்று விலகினால் அந்த முறுக்கு தறிகெட்டுப் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். தயமின் என்று பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப் போயிருக்குமாம், கவனிக்காமல் விட்டால் ஞாபகமே அழிந்துபோகுமாம்.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுவது உன் பிள்ளை தினேஷுக்காக. கோபப்படாதே. சுமதி சொன்னாள். "வாரக் கடைசியில் மட்டும்" என்று நீ அவளிடம் சொன்னாயாம். நானும் பாபுவைப் பற்றி ஆறு வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தினேஷ் எந்த அளவுக்கு வந்திருக்கிறான் என்று நீயோ நானோ முடிவு பண்ண வேண்டாம். அவன் தினம் குடிக்கிறவனாக இருந்தால் அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடாதே, முதலில் டாக்டர். இன்னொன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மருந்து என்று ஒரு நோட்டீஸ் எனக்கு அனுப்பினாயே, அதை நான் வாங்கிச் சாம்பாரில் கலக்கவே தயாராக இருந்தேன். அந்த டப்பாவை டாக்டரிடம் காட்டினபோது அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாமாம். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதத்தோடு மட்டும் கொடுப்பார்களாம். உன் அலமாரியில் அந்த டப்பா இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடு.

எய்ம்ஸ் டாக்டர்கள் நாடு முழுக்க எடுத்த கணக்கு ஒன்று 2019இல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறாராம். மற்ற 37 வீடுகளிலும் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? நாங்கள் செய்ததைத்தான். கயிறு, அடி, சத்தியம், வெளியில் தெரியாமல் மறைப்பது. சர்க்கரை என்றால் ஊருக்கே சொல்கிறோம், இதை மட்டும் ஏனடி மூடி மூடி வைத்தோம்?

சரி, ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பாய். நாலு மாசம் நன்றாக இருந்தான், மாமா சாவுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தான். அன்று நான் அவனைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அவன் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இருபது பேர். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருந்து ஆரம்பித்தது இதுவாம். கட்டணம் கிடையாது, ஜாதி மதம் கேட்பதில்லை, குடியை விட ஆசை இருந்தால் போதும். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்கிறார். யாரும் புத்தி சொல்வதில்லை. அங்கே கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது, அதனால் மற்றவர்களைப் பற்றி எழுத மாட்டேன். பாபுவைப் பற்றி எழுத அவனே சம்மதித்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கை பரபரத்தால் கூப்பிட அவனுக்கு ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார். மழையில் சைக்கிள் மிதித்து வந்து திண்ணையில் அவனோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார் அந்த மனுஷர்.

வீட்டுக்காரர்களுக்கும் தனிக் கூட்டம் இருக்கிறது, அல்-அனான். கலா போனாள், பிறகு நானும் போனேன். பெயிலான பாடத்துக்குத் திரும்ப உட்கார்ந்த மாதிரி முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "இதை நான் வரவழைக்கவில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணமாக்கவும் முடியாது" என்று ஒரு அம்மா சொன்னார். நான் எட்டு வருஷமாக முதுகில் சுமந்ததை யாரோ பிடித்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீ கட்டாயம் போக வேண்டும் மல்லி. தினேஷ் வராவிட்டாலும் நீ போ.

நம் மஞ்சக்குடி பக்கத்திலேயே 1989இலிருந்து சென்னை டி.டி. ரங்கநாதன் அமைப்பினர் குடிநோய் முகாம் நடத்தியிருக்கிறார்கள். பதினைந்து நாள் தங்க வைத்துச் சிகிச்சை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அந்த அமைப்பை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் தன் கணவரையே குடிக்குப் பறிகொடுத்தவர். மறு வருஷம், 1980இல், மற்றவர்களுக்காகச் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். இப்போது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன. திருப்பூரில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்குக் கூப்பிட்டுக் கேள், காசு கிடையாது.

இனி நான் கேட்க வந்தது. ஏ.ஏ. வழியில் பன்னிரண்டு படிகள் உண்டு. ஒன்பதாவது படி, தான் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. அதனால் அவர்கள் மறுபடி நோகிற மாதிரி இருந்தால் போகக் கூடாது. பாபு எழுதி வைத்திருக்கிற பட்டியலில் கலா, அம்மா, நான், பட்டறை முதலாளி, அப்புறம் ரேவதி. "மல்லிகாக்கா வீட்டுக்கு நான் போகலாமா?" என்று மூன்று மாசமாகக் கேட்கிறான். உன்னைக் கேட்காமல் நான் சரி என்று சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் உன் வீட்டுக்காரர் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தேன். அதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரேவதியிடம் கேள். அவள் வேண்டாம் என்றால் அதுதான் பதில், அவன் ஏற்றுக்கொள்வான்.

14ஆம் தேதி கூட்டத்தில் அவனுக்கு முதல் பிறந்தநாள் என்று ஒரு பதக்கம் கொடுப்பார்கள். வீட்டாரும் வரலாம். ஆறு மணிக்கு ஆரம்பம். நீ வருவதாக இருந்தால் முந்தின நாளே வந்துவிடு, மாடி அறையைப் பெருக்கி வைக்கிறேன். வராவிட்டாலும் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டுமாவது எழுது.

உன்
செல்வி