ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்கும் விடுபட்ட பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே போவதிலேயே ஒரு சுற்றை முடிக்கும் எஞ்சின்) பைக்குகள் பற்றிய தங்கள் கட்டுரையை ஆவலோடு படித்தேன். சுசுகி, யமஹா என்று பெருமை பேசிய கட்டுரையில் வால்டர் காடன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பல வருடம் பட்டறை நடத்திய எனக்கு அது பெரிய குறை.

கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பைக் தொழிற்சாலைப் பொறியாளர் அவர். புகைக்குழாயை நடுவில் அகட்டி, முடிவில் குறுக்கினார். எஞ்சினிலிருந்து பாயும் அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி, எரியாமல் நழுவும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். புகை வெளியேறும் வழியில் வால்வு இல்லாத டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்தக் குழாய்தான் உயிர்!

1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்தின்போது, எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். அவரோடு காடனின் நுட்பமும் சுசுகிக்குப் போனது. மறு ஆண்டே சுசுகிக்கு 50 சிசி பந்தய உலகப் பட்டம். டூ-ஸ்ட்ரோக்குக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். 1964இல் பில் ரீட் யமஹாவில் 250 சிசி பட்டம் வென்றார். 1975இல் அகோஸ்டினி அதே யமஹாவில் 500 சிசி பட்டத்தையும் பிடித்தார்.

ஜப்பானியர் உழைப்பை நான் குறைக்கவில்லை. பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லையை ஒழித்த ஆயில் பம்ப், யமஹா ஆர்டி350இன் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) எல்லாம் அருமையான வேலை. 1983இல் ராஜ்தூத் பெயரில் அந்த வண்டி இங்கே வந்தபோது, சத்தத்துக்காகச் சைலன்சரின் உள்பாகத்தை அறுக்கச் சொல்லி இளைஞர்கள் வருவார்கள். இழுவை செத்துவிடும் என்று மன்றாடித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காடனைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
சேலம்