நானுஓயா வீதியில் என் காலைக் கட்டிவிட்ட அம்மாவுக்கு

மகரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சென்றுவருவதே எத்தனை பெரிய செலவு என்பதை என் தாயாரின் நோய்க்காலத்தில் கண்டதால், அத்தகைய நோயாளர்களுக்கு நிதி திரட்ட, அவர் நினைவாகத் தலவாக்கலையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை ஓடினேன். ராதெல்லையைக் கடந்ததும் மழையில் ஊறிய சப்பாத்து குதிகாலைக் கிழித்துவிட்டது (புதுச் சப்பாத்துடன் ஓடியது என் மடமைதான்). கொழுந்துக் கூடையுடன் மலையிலிருந்து இறங்கிவந்த நீங்கள், தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, போத்தலில் எஞ்சியிருந்த சாயத்தண்ணியையும் (பாலில்லாத தேநீர்) தந்தீர்கள். ஓட்டத்தின் காரணத்தைக் கேட்டதும் சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, நான் எவ்வளவு மறுத்தும், நான்காக மடித்த 100 ரூபாய்த் தாளை என் கையில் திணித்தீர்கள். கறை படிந்த அந்த விரல்கள் என் தாயாருடையவை போலவே இருந்தன. பெயரைக் கேட்கத் தவறிய என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் 100 ரூபாயைக் கணக்கில் முதல் வரவாக எழுதியிருக்கிறேன்.