கோபுர அட்டை வந்த பிள்ளைக்கு

வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதது எனக்குள்ளேயே நிற்கிறது. பின்னால் உன் சிநேகிதிகளின் சத்தம் வேறு, நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. எழுதினால் ஆறுதலாக இருந்து வாசிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

சாத்திரம் பார்க்கும் டாரட் அட்டைக் கட்டிலிருந்து மூன்று அட்டை எடுத்தாய், கடைசியாகக் கோபுரம் வந்தது, "அம்மா, எனக்கு என்னவோ நடக்கப் போகுது" என்றாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீயும் ஒருக்கால் வடிவாகப் பார். பயத்தில் மின்னலை மட்டும்தான் கண்டிருப்பாய்.

பாறை உச்சியில் ஒரு கோபுரம். சுற்றிலும் கறுத்த வானம். மின்னல் அடித்து உச்சியில் இருந்த பொன் கிரீடம் கழன்று சரிகிறது. மூன்று ஜன்னலிலும் நெருப்பு. இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். அவர்களைச் சுற்றி நெருப்புத் துளிகள், ஒரு பக்கம் 10, மறுபக்கம் 12. கூட்டினால் 22. அந்த அட்டைக் கட்டில் உள்ள 78 அட்டைகளில் பெரிய அட்டைகள் என்று பிரித்து வைத்திருப்பவையும் 22 தான். ஆதர் எட்வர்ட் வெயிற் என்பவர் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்து, 1909 இல் லண்டனில் வந்த கட்டு இது. நல்ல கை அந்தப் பெண்ணுக்கு. விழுகிறவர்களின் கைகளைப் பார், பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் விரிந்திருக்கின்றன.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரி, உனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். மெல்பேர்ணுக்குப் போகும்போது தன் கட்டை என் கையில் தந்துவிட்டுப் போனார். ஒரு அட்டையைத் தனியாக வாசிக்கக் கூடாது, முன்னும் பின்னும் யார் நிற்கிறார்கள் என்று பார் என்பார். கோபுரம் 16 ஆவது. 15 பிசாசு. அதில் இரண்டு பேர் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள், ஆனால் சங்கிலி தொளதொளவென்று கிடக்கிறது. கையால் தூக்கிக் கழற்றிவிடலாம். கழற்றாமல் நிற்கிறார்கள். அதற்கு அடுத்ததுதான் மின்னல். 17 நட்சத்திரம். ஒரு பெண் குளக்கரையில் முழந்தாளிட்டு இரண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள், ஒன்று குளத்துக்கு, ஒன்று நிலத்துக்கு. அங்கே கட்டடம் என்று ஒன்றும் இல்லை.

உன் மற்ற இரண்டு அட்டைகளைப் பற்றி நீ ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எனக்கு அவைதான் முக்கியமாகத் தெரிகின்றன. முதலாவது நாலு காசு. ஒருவன் ஒரு காசைத் தலையில் வைத்து, ஒன்றை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, இரண்டைக் காலால் அமுக்கி இருக்கிறான். எழும்பினால் எல்லாம் விழும், அதனால் எழும்பவே மாட்டான். இரண்டாவது இரண்டு வாள். கண்ணைக் கட்டிய பெண், இரண்டு வாளையும் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறாள். பிடித்து வைத்திருப்பது, முடிவெடுக்காமல் இருப்பது, பிறகு கோபுரம். பிள்ளை, இது உன் கந்தோரில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று சொல்லும் வரிசையாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேலை உன்னைத் தின்கிறது என்று போன வருடமே நீ சொன்னாய். விடவும் இல்லை, இருப்பது என்று மனதை ஆற்றிக்கொள்ளவும் இல்லை. கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் சிநேகிதி உன்னைத் தேற்றுவதற்காக, விழ வேண்டியதுதான் விழும், எல்லாம் நன்மைக்கு என்று சொன்னாளாம். நல்ல மனதோடு சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1983 ஆடியில் எங்கள் வீடு எரிந்தபோது நான் சின்னப் பிள்ளை. காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின்னறையில் வைத்துக் காப்பாற்றியது. பிறகு முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. உன் அம்மப்பா யாரிடமும் ஒரு சதம் கடன் வாங்காதவர், ஒருவரையும் தூக்கி எறிந்து கதைக்காதவர். அவர் தலையில் என்ன கிரீடம் இருந்தது, மின்னல் வந்து தட்டிவிட? அந்த வீட்டின் அத்திவாரத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கொளுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்கு அட்டையை வைத்து நியாயம் சொல்ல நான் யாரையும் விடமாட்டேன், உன்னையும்தான்.

2022 வேறு மாதிரி. அதைக் கோபுர அட்டையாக வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். ஜூலை 9 ஆம் திகதி கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, 14 ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து ஜனாதிபதியின் ராஜினாமா வந்தது. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்குத் திடீரென்று நடந்த மாதிரி இருந்திருக்கும். இங்கே காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற எங்களுக்கு அது திடீர் இல்லை. 2019 முடிவில் வரியை வெட்டினார்கள், 2021 இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள், டொலர் கரைந்துகொண்டே போனது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். வெடிப்பு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தது. மின்னல் கடைசியில் வந்தது.

அதனால் இந்த அட்டை வந்தால் நான் முதலில் கேட்பது, விழுவது யார் கட்டியது, வெடிப்பு முதலே இருந்ததா என்றுதான். இருந்தது என்றால் அட்டையோடு இருந்து யோசிக்கலாம். இல்லை, ஒருவர் கொண்டுவந்து வைத்த நெருப்பு என்றால், விழுந்தவரிடம் நீ என்ன பிழை செய்தாய் என்று கேட்பதே பாவம். நாளைக்கு உன் கந்தோரில் உண்மையாகவே ஆள் குறைத்து உன் பெயரும் அதில் வந்தால், அது உனக்குக் கிடைத்த தீர்ப்பு என்று ஒரு நிமிடமும் நினைக்காதே.

திகதி குறித்துச் சொல்லும் சாமானும் இல்லை இது. இத்தாலியில் கடதாசி விளையாட்டாகத் தொடங்கியது, சாத்திரம் பார்ப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் வந்து ஒட்டியது. தலைகீழாக வந்தால் தள்ளிப்போன இடி என்று சிலர் வாசிப்பார்கள். உனக்கு நேராகத்தான் வந்திருக்கிறது, அதை விடு.

இங்கே சித்திரை மாதம், பின்னேரமானால் இடி முழக்கம்தான். மாடியில் இருக்கும் இடிதாங்கி மின்னலை வரவிடாமல் செய்யாது, வந்ததைக் கட்டடத்துக்குள் விடாமல் நிலத்துக்கு இறக்கும். உனக்கும் அப்படி ஒன்று வேண்டும். மூன்று நாலு மாத வாடகைக் காசைத் தொடாமல் வை. இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது, வந்தால் ஏன் வந்தாய் என்று நானும் கேட்க மாட்டேன், அப்பாவும் கேட்க மாட்டார். அதே கேள்விக்கு மறுபடி அட்டை எடுக்காதே. பிடித்த பதில் வரும் வரை எடுத்துக்கொண்டே இருந்தால் பயம்தான் கூடும்.

சரி, வியாழக்கிழமை உனக்குக் காலை 9 மணிக்கு எடு, எனக்குப் பின்னேரம் ஆறரை, அப்பாவும் வந்திருப்பார். அதற்கு முதல் உன் வேலைக் கடிதத்தை எடுத்து, விலகுவதென்றால் எத்தனை கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும், அவர்களாக நிற்பாட்டினால் என்ன தர வேண்டும் என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வை. நான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா