களம் கேட்டோம், கழிப்பறை வந்தது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகள் பெங்களூரிலேயே வீடு வாங்கிவிட்டாள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் அங்கே பத்து நாளுக்கு மேல் இருப்புக்கொள்வதில்லை. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போன பாடில்லை.

இத்தனை மானியம், இத்தனை கடன், வங்கியில் நீ கையெழுத்துப் போட்டதே கோடிக்கணக்கில் இருக்கும், பிறகும் கிராமம் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அப்படியே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரேஷன், பஸ், பள்ளிக்கூடம், வீட்டுக் குழாய் என்று பார்த்தால் நம் சிறுவயதுக்கும் இன்றைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் ஊரிலேயே இருந்து பிழைக்க முடிகிறதா என்பதுதானே உன் கேள்வி? எனக்குத் தெரிந்த பதில் இது. ஊருக்குப் பணம் வருகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று சொல்லும் இடத்தில் ஊர் இல்லை.

எங்கள் களத்துக் கதையைக் கேள். சோளமோ கொள்ளோ அறுத்தால் இங்கே தார்ச்சாலைதான் களம். கல்லை வரிசையாக வைத்துப் பாதிச் சாலையை மறித்துக் கதிரைப் பரப்பிவிடுவார்கள். பஸ் ஓட்டுநர் திட்டிக்கொண்டே அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவார். கதிரடிப்பும் கூலியில்லாமல் முடிந்துவிடும். ஆனால் வியாபாரி வந்து ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்து, உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைக் காட்டுவான். அவ்வளவுதான், மூட்டைக்கு விலை இறங்கிவிடும். மழை தூறினாலோ கேட்கவே வேண்டாம், அன்றைக்குச் சொன்ன விலைக்கே தள்ளிவிட வேண்டும். ஒரு சிமெண்டுக் களம், பக்கத்தில் நாலு நாள் மூட்டையை வைத்திருக்க ஒரு தகரக் கொட்டகை: இதைத்தான் கிராம சபையில் கேட்டோம். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த சபையிலும் நிறைவேறியது. எழுந்து பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். காயப்போடுவதும் அள்ளுவதும் அவர்கள்தானே. கடைசியில் வந்தது பொதுக் கழிப்பறை, அதுவும் வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கிற தெருமுனையில். இன்றைக்கும் பூட்டுத்தான் தொங்குகிறது.

ஊராட்சி செயலரைத் திட்டிப் பயனில்லை. பணம் வரும்போதே முத்திரை குத்தித்தான் வருகிறது. மத்திய வரிப்பணத்தைப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரை சொல்லும் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கென்று நாடு முழுவதற்கும் 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும், கழிப்பறை உள்ளிட்ட துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. இரண்டும் அவசியமானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை முடிந்துவிட்ட ஊரும் அதையேதான் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. மாநில நிதிக்குழு மானியம் தனியாக வருகிறது. அதில் தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணத்தையும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்தையும் கட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தால், களத்துக்கு ஜல்லி வாங்கக்கூடக் காணாது.

சொந்த வருமானம் என்று பார்த்தால் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், ஏரி மீன் ஏலம், புளியமர ஏலம். ஆலை இருக்கிற ஊராட்சிக்குத் தொழில் வரியிலேயே காசு சேரும். எங்களுக்குப் புளியமரம்தான். வீட்டு வரியை உயர்த்தலாம், ஆனால் எந்தத் தலைவர் வாய் திறப்பார்? வரி கேட்டவருக்கு ஓட்டுக் கிடைக்காது.

இதையெல்லாம் மீறி ஓர் ஊராட்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையை எப்போதும் சொல்வேன். வங்கிக்காரனான உனக்குப் பிடிக்கும். 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் சண்முகம். தெருவிளக்கும் குடிநீரும் பெருகப் பெருக மின்கட்டணம் ஊராட்சியை விழுங்கப் பார்த்தது. மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்டுவது, சூரிய விளக்கு என்று முயன்றுவிட்டு, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினார்கள். செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பைப் போட்டது போக மீதிக்கு வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். உங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுத்தான் அது, ராயல்டி கேட்டுவிடாதே. ஊராட்சியின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதைப் போல ஊருக்கு ஊர் நடக்கவில்லை. ஒரு நல்ல தலைவரின் துணிச்சலாகவே அதை எல்லோரும் பேசுகிறார்கள். சாதாரணத் தலைவரும் செய்யும்படி விதியை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதில்தான் ஆத்திரம்.

உங்கள் கேரளத்தில் அந்த விதியை மாற்றினார்கள். 1996இல், உள்ளாட்சிகளே திட்டம் தீட்டும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பில் வந்தன. இங்கே ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் பட்டியலிட்ட 29 இனங்களும் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேளாண் அலுவலர் அவருடைய துறைக்குத்தான் பதில் சொல்வார். அங்கேயும் பணம் சாலைக்கும் தடுப்புச் சுவருக்கும் சிதறுகிறது, மார்ச் மாதக் கடைசியில்தான் செலவு பறக்கிறது என்று நீ முன்பு எழுதியது நினைவிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊராட்சி ஒன்றில் எங்களுடையதைப் போல ஏழெட்டை அடைக்கலாம். எங்களுக்கு ஒரு செயலர், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒருவர், தூய்மைக் காவலர்கள் சிலர். இந்தப் படையை வைத்துக்கொண்டு பொருளாதார வளர்ச்சித் திட்டம் தீட்டு என்றால் எப்படி? பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு பொறியாளரையும் ஒரு கணக்கரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் ஒப்ப மாட்டார்கள்.

தலைவர் கையில் பணத்தைக் கொடுத்தால் காண்டிராக்டரோடு சேர்ந்து தின்றுவிடுவார் என்பாய். தின்பவர்கள் உண்டு. மேலே இருந்து வரும் திட்டத்திலும் காண்டிராக்டர் இருக்கத்தான் செய்கிறார், ஆனால் அவரை இங்கே யாரும் நிறுத்திக் கேட்க முடியாது. தலைவர் என்றால் டீக்கடையில் வைத்துக் கேட்கலாம். அவர் மாவட்ட ஆட்சியரின் பிடியிலும் இருக்கிறார். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவில் பதவியே போய்விடும். ஓட்டு வாங்கி வந்தவரை ஓர் அதிகாரி நீக்கலாம் என்பது எனக்கு உவப்பில்லை, அதை இன்னொரு கடிதத்தில் சண்டை போடலாம்.

இப்போது கேட்பதற்கு அந்தத் தலைவரும் இல்லை. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்ட மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. பிறகு தனி அலுவலர் ஆட்சி. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் தலைவர். மாநிலத்தில் ஒன்றியங்கள் 388, ஊராட்சிகள் சுமார் 12,500. ஓர் ஆளின் தலையில் முப்பதுக்கு மேல் ஊர் விழுகிறது. பாவம், அவர் என்ன செய்வார், கையெழுத்துப் போடுவார். 2016 முதல் 2019 வரையும் இதே கூத்துத்தான். தேர்தல் நடத்தாததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டதையும் அப்போது பார்த்தோம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்து என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லியும் இப்படி.

அக்டோபர் 2 கிராம சபையில் களத்தை மறுபடி எழுப்பப் போகிறோம். இந்த முறை வெறும் தீர்மானமாக இல்லாமல் செலவுக் கணக்கு, எத்தனை ஏக்கர் சோளம், மூட்டைக்கு எவ்வளவு நட்டம் என்று எழுதியே கொடுக்கலாம் என்று மகளிர் குழுப் பெண்கள் சொல்கிறார்கள். கணக்கெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் ஊராட்சி ஆண்டுத் திட்டத்தைப் புத்தகமாகப் போடுகிறதல்லவா, அதில் ஒரு பிரதி வாங்கி அனுப்பு. மலையாளம் படிக்க இங்கே ஆள் இருக்கிறது. செப்டம்பருக்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள,
பழைய அறைத்தோழன்