எல்லையோர வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கணிசமாக இருந்தும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற ஊர்களில் இருப்போர் புதிய தமிழ் நாவல் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் பேருந்து ஏறுகின்றனர். இங்கிருந்து துப்பறியும் நாவல் எழுதும் எனக்கு, கொலையாளியை ஒளித்து வைப்பதைவிட வாசகரைக் கண்டுபிடிப்பதே கடினமாக உள்ளது.

எல்லை ஊர் மர்மக் கதைக்கு ஏற்ற களம். குற்றம் ஒரு மாநிலத்தில் நடந்து தடயம் மறு மாநிலத்தில் கிடைத்தால், வழக்கை எந்தக் காவல் நிலையம் ஏற்பது என்ற இழுபறியே பாதிக் கதையை நடத்திவிடும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் காவல் நிலையம் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கூறுவதால், முதல் தகவல் அறிக்கையை மறுக்கும் காட்சியை இனி எளிதில் எழுத முடியாது (எழுத்தாளனுக்கு இது நஷ்டம்தான்).

ஆகவே காவல் துறையிலும் நீதிமன்றங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்கள், கதைகளில் வரும் விசாரணை முறைகளில் பிழை கண்டால் தயங்காமல் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். மற்றவர்கள் தங்கள் ஊர் நூலகத்தில் தமிழ் நூல்களை வாங்கும்படி உறுப்பினர் என்ற முறையில் கேட்டால் அதுவே பேருதவி. நண்பர்களிடம் நாவலைப் பற்றிப் பேசும்போது கொலையாளியின் பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நாவலாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.